மாலை போட்ட டிரையர்

மைக்கோமிர்தா பயோலிப்பிட்ஸ் கம்பெனிக்குள் 'பூசணம்' என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. 'கல்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும். எம்.டி. ஹரீஷ்குமார் இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். பெங்களூரிலிருந்து முதலீட்டாளர்கள் வந்து நிற்கும்போது யாராவது "சார், ரெண்டாம் நம்பர் டேங்க்ல பூசணம் நல்லா புடிச்சிருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டால், வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிவிடுவார்கள் என்பது அவருடைய பயம். பயத்தில் நியாயம் இருந்தது. ஓசூர் சிப்காட்டில் அந்தக் கம்பெனி செய்துவந்த வேலையே பூசணம் பிடிக்க வைப்பதுதான்.

சாதாரணமாக மண்ணில் கிடக்கும் ஒரு பூஞ்சை. அதை இரண்டு மாடி உயர எஃகு டேங்கில் சர்க்கரைத் தண்ணீருக்குள் விட்டு, காற்று ஊதி, ஒரு வாரம் கலக்கிக்கொண்டே இருந்தால் கொழுத்துப்போகும். அந்தக் கொழுப்புதான் சரக்கு. தாய்ப்பாலில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம் அதில் இருக்கிறது. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. பிஞ்சு உடம்பு அதைப் போதிய அளவு தானாகச் செய்துகொள்ளாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். எண்ணெயாகப் பிழிந்து பால்பவுடர் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். 'ஒரு மீனைக்கூடக் கொல்லாமல் ஒரு தலைமுறையின் மூளையை வளர்க்கிறோம்' என்று வரவேற்பறைச் சுவரில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாரத்துக்கு ஒரு டேங்க் பூஞ்சையைக் கொல்வதை யாரும் கொலையாக எண்ணவில்லை.

டேங்கில் விளைந்ததை வடிகட்டிப் பிழிந்தால் ஈரமான கட்டி வரும். அதற்குக் 'கேக்' என்று பெயர். அந்தக் கேக்கை நான்கு மணி நேரத்துக்குள் டிரையரில் போட்டு உலர்த்திவிட வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. வடிகட்டுவதும் உலர்த்துவதும் ஷௌகத் அலியின் வேலை. காண்டிராக்ட் ஆபரேட்டர். சேர்ந்து இரண்டு வருடம் முடியப் போகிறது.

முடியப் போகிறது என்பதில்தான் அவனுடைய குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்துநான்கு மாதத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் ஒரு சட்டம் உண்டு. தொழிலாளிகளைவிட இந்தச் சட்டத்தை நன்றாகப் படித்தவர்கள் கம்பெனிக்காரர்கள்தான். நானூற்று எழுபதைத் தாண்டியதும் ஆளைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, மறுபடி கூப்பிடறோம்" என்பார்கள். இதற்கு 'பிரேக்' என்று பெயர். மறுபடி கூப்பிட்டால் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஷௌகத்தின் மனைவி ஜைபா, கல்யாணத்துக்கு முன்பு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இப்படி இரண்டு முறை ரெஸ்ட் எடுத்தவள். அதனால் அவர்கள் வீட்டுக் காலண்டரில் பால், கேஸ் எதுவும் குறிக்கப்படுவதில்லை. புருஷன் வேலைக்குப் போன நாள் மட்டும் சிவப்பு மையில் ஏறும். அக்டோபர் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, நானூற்று எழுபத்தேழு. இருபத்துநான்கு மாதம் பதிமூன்றாம் தேதியோடு முடிகிறது.

எச்.ஆர். மேனேஜர் ஸ்ரீராமின் கம்ப்யூட்டரிலும் அதே எண்தான். வெள்ளி ஆயுத பூஜை, சனி விஜயதசமி, அப்புறம் ஞாயிறு. மூன்று நாள் விடுமுறை. திங்கட்கிழமை காலை பிரேக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று அச்சடித்து மேசைக்குள் வைத்துவிட்டு ஸ்ரீராம் திருச்சிக்குப் பஸ் ஏறினார்.

ஷௌகத் சேர்ந்ததிலிருந்து பிளான்ட்டில் இருந்த ஒரு பழக்கம் அவர் காதுக்கு எட்டவில்லை. ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்றால் ஷௌகத் டியூட்டி பார்ப்பான். ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் மற்றவர்கள் அவனுக்காகப் பார்ப்பார்கள். யாரும் இதை எழுதி வைத்ததில்லை, எந்த மேனேஜரிடமும் கேட்டதில்லை. டேங்கில் இருக்கும் பூஞ்சைக்குப் பண்டிகை கிடையாது. காற்று நின்றால் செத்துவிடும். யாராவது இருந்தாக வேண்டும். இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பூஜை. கொள்முதல் பிரிவில் செலவைக் குறைத்து, பன்னிரண்டு மாலைக்குப் பதில் ஒன்பது மாலை வாங்கியிருந்தார்கள். சுற்றிலும் பூ விளையும் ஊரில் பூவுக்குப் பஞ்சம் வந்தது இப்படித்தான். ஹவுஸ்கீப்பிங் நாகம்மாள் கையில் இருந்ததை வைத்து டேங்க், பாய்லர், டிரையர் என்று வரிசையாகப் போட்டுவந்தாள். கேட்டில் இருந்த வருகைப் பதிவு மெஷினுக்கும் ஒரு மாலை. விரல் வைக்கும் கண்ணாடி பார்க்க நெற்றி மாதிரி இருந்ததால் செக்யூரிட்டி விடியற்காலையிலேயே, ஷிப்டுக்கு ஆள் வருமுன், அதில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் அது யாருடைய விரலையும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை.

ஹரீஷ்குமார் பட்டு வேட்டியில் வந்து டிரையருக்குக் கற்பூரம் காட்டினார். போனில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, கன்னடமும் ஆங்கிலமும் கலந்த தன் தமிழில் பேசினார்.

"நோட்ரீ, மெஷின்னா வெறும் இரும்பில்ல. அதுக்கும் ஒரு ஸோல் இருக்கு. த்ரீ டேஸ் அதுக்கு ரெஸ்ட். மண்டே மார்னிங் நானே வந்து என் கையால ஸ்டார்ட் பண்றேன். அதுவரைக்கும் நோபடி டச்சஸ்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் குடும்பத்தோடு மைசூர் தசரா பார்க்கக் கிளம்பினார். பொரி கடலைப் பொட்டலத்தோடு மற்றவர்களும் போனார்கள்.

பூஞ்சை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மதியம் ஒரு மணிக்கு இரண்டாம் நம்பர் டேங்கில் சர்க்கரை தீர்ந்தது. இறக்கியாக வேண்டும். ஷௌகத் வடிகட்டி அருகே போனபோது நாகம்மாள் துடைப்பத்தோடு குறுக்கே வந்தாள்.

"பாய், டிரையர் மேல கைய வெச்சிறாத. மாலை போட்டாச்சு. எம்.டி. வந்து தேங்கா ஒடைச்சித்தான் எடுக்கணும்."

"பில்டரு?"

"அதுக்கு மாலை பத்தல. பொட்டு மட்டும்தான் வெச்சேன். ஓட்டிக்கோ."

"பொட்டு வெச்சா ஓட்டலாமாக்கா?"

"இன்னா கேள்வி இது? நான் பொட்டு வெச்சிக்கினு வேலை செய்யல?"

இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாலை நாலு மணிக்குள் கேக் முழுவதும் பிழிந்து அறுபது தட்டில் பரப்பியாயிற்று. எதிரே டிரையர் செவ்வந்தி மாலையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஷௌகத் எம்.டி.க்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. ஸ்ரீராமுக்குச் செய்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே.

அந்த இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பதில் சந்தேகமே இல்லை. மாலையைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, "அம்மா தாயே, அவசரம்" என்று சுவிட்சைப் போட்டிருப்பான். சொந்த சாமியிடம் எடுத்துக்கொள்ளக்கூடிய உரிமை அது. ஷௌகத்துக்கு அந்த உரிமை இல்லை. அடுத்த வீட்டு சாமியிடம் ஒருவன் கூடுதல் மரியாதையோடுதான் இருக்க முடியும். தவிர, 'மாலையை பாய் கழட்டிட்டான்' என்ற மூன்று சொல், சிப்காட்டிலிருந்து கிளம்பினால் எந்தெந்த வாட்ஸ்அப் குரூப் வழியாக எந்த ஊர் வரை போகும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பூஜைக்கு வாங்கிய பூவை வைத்திருந்த குளிர் அறை இப்போது காலியாக இருந்தது. பன்னிரண்டு டிகிரி. தட்டுகளை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய் அடுக்கினான். பேட்ச் ஷீட்டில் 'டிரையர் பூஜையில் உள்ளது. கேக் குளிர் அறையில் வைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். சனியும் ஞாயிறும் வந்து தட்டுகளைத் திருப்பி வைத்து, வெப்பநிலை குறித்து, மறுபடி கையெழுத்துப் போட்டான். ஜைபா காலண்டரில் நானூற்று எண்பதைச் சிவப்பு மையில் எழுதிச் சுற்றி வட்டமும் போட்டாள்.

திங்கள் காலை ஒன்பது இருபதுக்கு, நல்ல நேரத்தில், ஹரீஷ்குமார் தேங்காய் உடைத்து டிரையரை ஓடவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு பேட்ச் சரக்கு எங்கே என்று தேடிக்கொண்டு போனவர் குளிர் அறைக் கதவைத் திறந்தார். அறுபது தட்டு. காளான் வாசனை.

"ஏன்ரீ இது? யாரு இதை இங்க வெச்சது? த்ரீ டேஸா வெட் கேக்கை ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கீங்களா? இது என்ன, இட்லி மாவா?"

மதியத்துக்குள் மெமோ தயாரானது. ஊரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஸ்ரீராம், பையைக்கூட வைக்காமல் அதில் கையெழுத்துப் போட்டார். பிரேக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. விசாரணை நிலுவையில் இருக்கும்போது ஆளை வெளியே விடக் கூடாது என்பது அவர் படித்த பாடம்.

ஷௌகத் மெமோவை மடித்து எடுத்துக்கொண்டு, முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தான். ஜைபா வாங்கி ஒரு தடவை படித்தாள். மறுபடி முதல் வரியை மட்டும் படித்தாள்.

"'அக்டோபர் 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களும் பணியில் இருந்த தாங்கள்...' ஏங்க, இது யாரு கையெழுத்து?"

"ஸ்ரீராம் சார்து. வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க ஜைபா. பேட்ச் போச்சுன்னு குதிக்கறாரு."

"தூக்கட்டும். மொதல்ல நீங்க அங்க இருந்தீங்கன்னு ஒத்துக்கிட்டாங்க இல்ல? கேட்ல மெஷினு சந்தனம் பூசிக்கிட்டு உங்க வெரலையே வாங்கல. அந்த மூணு நாளுக்கு உங்க கிட்ட வேற இன்னா இருக்குது? இதான் இருக்குது." அவள் மெமோவை எடுத்துக் குழந்தையின் தடுப்பூசி அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தாள். "நானூத்தி எம்பதுக்கு கம்பெனியே சீல் குத்திக் குடுத்திருக்கு."

"திட்டித்தான் குடுத்திருக்காங்க."

"என்னை ரெண்டு தடவை பாராட்டித்தான் அனுப்பினாங்க. பாராட்டு வெச்சி என்னா பண்ணேன்?"

கெட்டுப்போன பேட்ச்சைக் கொட்டுவதற்கு முன் ஒரு சாம்பிள் பார்த்துவிட வேண்டும் என்பது ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் ஸ்வாதியின் பிடிவாதம். வியாழக்கிழமை முடிவு வந்தது. வழக்கமாக எண்ணெயில் அந்தக் கொழுப்பு அமிலம் நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்கும். இதில் ஐம்பத்து மூன்று. ஸ்வாதி மெஷின் பழுதோ என்று மறுபடி போட்டாள். ஐம்பத்து மூன்று.

அவளே பிளான்ட்டுக்கு இறங்கி வந்து ஷௌகத்திடம் சொன்னாள்.

"பாய், பெட்டியில போட்ட மீன் மாதிரி செத்துக் கிடந்திருந்தா கெட்டுப்போயிருக்கும். இது உயிரோட இருந்துச்சு. சாப்பிட சர்க்கரை இல்ல, குளிர் வேற. உடம்புல இருந்த மத்த கொழுப்பை எல்லாம் தின்னுட்டு நமக்கு வேண்டியதை மட்டும் சேர்த்து வெச்சிருக்கு."

"பட்டினி போட்டா நல்லா ஆவுமா மேடம்?"

"பூஞ்சைக்கு ஆகும். மனுஷனுக்கு வேண்டாம், எம்.டி. கிட்ட சொல்லிடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருஷம் முன்னாடி இதைச் செஞ்சு பாக்கலாம்னு நான் ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். 'கல்ச்சருக்கு ஏ.சி.யா?'ன்னு எழுதித் திருப்பி அனுப்பினாரு."

அதே எம்.டி. அன்று மாலை எல்லோரையும் கூட்டினார். திரையில் பூஜை வீடியோ ஓடியது. 'த்ரீ டேஸ் அதுக்கு ரெஸ்ட்' என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தினார்கள்.

"அன்னைக்கே சொன்னேன். ரெஸ்ட்! எல்லாரும் நான் மெஷினைச் சொல்றேன்னு நெனச்சாங்க. ஐ மென்ட் த கல்ச்சர். இதுக்குப் பேரு 'சேக்ரட் ரெஸ்ட் ப்ராசஸ்'. பேட்டன்ட் போடறோம்."

கை தட்டினார்கள். ஆறு நாளில் இரண்டாவது தடவை, அதே வாக்கியத்துக்கு. நாகம்மாள் மட்டும் பக்கத்தில் இருந்தவனிடம், "டிரையரப் பாத்துதானே சூடம் காட்டிக்கினு சொன்னாரு?" என்று கேட்டாள். உஷ் என்றார்கள்.

பெங்களூரிலிருந்து பேட்டன்ட் வக்கீல் வந்து ஆவணங்களைப் புரட்டிவிட்டு, கண்டுபிடிப்பு நடந்த மூன்று நாளும் பேட்ச் ஷீட்டில் ஒரு காண்டிராக்ட் ஆபரேட்டரின் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறதே என்றார். போதாததற்கு அதே ஆளுக்கு அந்தக் கண்டுபிடிப்புக்காகவே மெமோ கொடுக்கப்பட்டிருக்கிறது. இது பார்வைக்கு நன்றாக இல்லை. ஹரீஷ்குமார் ஸ்ரீராமைப் பார்த்தார். ஸ்ரீராம் ஷௌகத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். எச்.ஆர். அறையில் டீ கொடுத்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று ஜைபா சொல்லியிருந்தாள்.

"பாய், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. மெமோ கேன்சல். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"சந்தோஷம் சார்."

"அந்த ஒரிஜினலைக் கொண்டாந்து குடுத்துடுங்க. ஃபைல்லேருந்தே எடுத்துடறோம். பேட்ச் ஷீட்டையும் புதுசா எழுதறோம். எம்.டி.யும் ஸ்வாதி மேடமும் இருந்து செஞ்சதா வரும். ஸோ, அந்த மூணு நாள் நீங்க லீவு."

"லீவுன்னா சார், நான் எங்க இருந்தேன்?"

"வீட்லதான். பண்டிகை இல்லையா?"

"எங்க வீட்ல ஆயுத பூஜையா சார்?"

ஸ்ரீராம் கொஞ்சம் யோசித்தார். "சரி, ஊருக்குப் போயிருந்தீங்க. மாமனார் ஊரு காவேரிப்பட்டினம்தானே? அங்க போயிருந்தீங்கன்னு வெச்சுக்குங்க."

"வெச்சுக்கிட்டா இருபத்துநாலு மாசத்துல என் நாளு நானூத்தி எழுவத்தேழுல நிக்கும் சார்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஸ்ரீராம் அப்போதுதான் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். பார்த்த பிறகு அவர் முகத்தில் இருந்த கருணை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப உங்க பேர்ல இருக்கற களங்கத்தைத் துடைக்கறதுதான் முக்கியம்."

"களங்கம் இருக்கட்டும் சார்," என்றான் ஷௌகத்.

அன்று மாலை அவனும் ஜைபாவும் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். அவன் எழுதின முதல் பிரதியில் விளக்கங்கள் நிறைய இருந்தன: போன் எடுக்கவில்லை, மாலை போட்டிருந்தது, எம்.டி. தொடக் கூடாது என்றார். ஜைபா எல்லாவற்றையும் அடித்தாள். "சாக்கு சொன்னா மன்னிச்சுருவாங்க. மன்னிச்சுட்டா போச்சு." கடைசியில் நான்கு வரிதான் நின்றது. 'அக்டோபர் 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களும் காலை ஷிப்டு முதல் நான்தான் பணியில் இருந்தேன். விதிப்படி டிரையரை இயக்காதது என் குற்றம். அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தக்க தண்டனை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே, 'நகல்: தொழிற்சாலை ஆய்வாளர் அவர்களுக்கு' என்று ஜைபா தன் கையாலேயே சேர்த்தாள்; அந்த நிரந்தரச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி அவர்தான். இரண்டும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போயின.

கம்பெனி வரலாற்றில் ஒரு தொழிலாளி தன்னைத் தண்டிக்கச் சொல்லி மனுப் போட்டது அதுதான் முதல் தடவை. ஸ்ரீராம் இரண்டு முறை பிளான்ட்டுக்குள் வந்து கெஞ்சினார்.

"ஏன் பாய் இப்படி அடம் பிடிக்கறீங்க? நீங்க நிரபராதி. நான் சொல்றேன்ல?"

"இல்ல சார், மனசு உறுத்துது."

"என்ன உறுத்துது? பேட்ச் சூப்பரா வந்திருக்கு!"

"விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே சார். நாலு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. நான் அறுவது மணி நேரத்துக்கு மேல வெச்சிட்டேன். இன்னைக்கு என்னை விட்டா நாளைக்கு எல்லாரும் வெப்பாங்க."

நகல் போயிருந்ததால் விசாரணை நடத்தாமல் இருக்க முடியவில்லை. விசாரணை அதிகாரியாகக் கிருஷ்ணகிரியிலிருந்து வக்கீல் ராமப்பன் வந்தார். சிப்காட்டில் பாதிக் கம்பெனிகளுக்கு இந்த வேலையை அவர்தான் செய்வார். கம்பெனிகள் குற்றம் சாட்டும், தொழிலாளிகள் மறுப்பார்கள், அவர் கம்பெனி சொன்னது சரி என்று எழுதுவார். முப்பது வருடத்தில் இந்த வரிசை மாறியதில்லை. இங்கே கம்பெனிக்காரர் தொழிலாளி குற்றமற்றவர் என்று வாதாட, தொழிலாளி எழுந்து நின்று ஆட்சேபிக்க, ராமப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சம்பவத்தன்று இவர் பணியில் இல்லை என்று நிர்வாகம் கூறுகிறதா?" என்று ஸ்ரீராமைக் கேட்டார்.

"ஆமா சார். வருகைப் பதிவுல விரல் ரேகையே இல்ல."

"அப்ப மெமோ ஏன் குடுத்தீங்க?"

"அது... ஒரு அவசரத்துல."

"சாட்சி இருக்கா?"

"எனக்கு எதிரா ஒருத்தங்க இருக்காங்க சார்," என்று ஷௌகத் உற்சாகமாகச் சொன்னான். "கூப்பிடலாமா?"

நாகம்மாள் வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இந்த ஷௌகத் அலியை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? இந்த ஆளுதான் சார் அன்னைக்கு இருந்தது. என் கண்ணால பாத்தேன். மூணு நாளும் பாத்தேன். டிரையரத் தொடாத பாய்னு நாந்தான் சொன்னேன். தொடவே இல்ல சார், பாவி! தட்டு தட்டா தூக்கிக்கினு போயி குளிர் ரூம்ல வெச்சான். எல்லாத் தப்பும் இவன்தான் செஞ்சான். வேற யாரும் அங்க வரவே இல்ல. எம்.டி. வரல, மேடம் வரல, இதோ இவரு" (ஸ்ரீராமைக் காட்டி) "எட்டிக்கூடப் பாக்கல."

"நீங்க மூணு நாளும் அங்கே என்ன பண்ணீங்க?"

"பூஜை போட்ட குப்பைய யாரு சார் வாருவாங்க? சாமியா வாரும்?"

ராமப்பன் எழுதிக்கொண்டார். ஷௌகத் நாகம்மாளை நன்றியோடு பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று எண்ணி ராமப்பன் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

இதற்கிடையில் பேட்டன்ட் வக்கீல் கேட்டபடி ஸ்வாதி பழைய ஆய்வுகளைத் தேடித் தொகுத்திருந்தாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை; இரண்டு வருடத்துக்கு முன் தன் இரண்டு பக்கத்தோடு அவள் இணைத்திருந்த அதே கட்டுரைதான். இந்தப் பூஞ்சையை வடிகட்டிய பின் சில நாள் சும்மா கிடக்க விட்டால் அந்தக் கொழுப்பு அமிலத்தின் பங்கு கூடும் என்பது முப்பது வருடத்துக்கு முன்பே அச்சாகியிருந்தது. வக்கீல் அதைப் படித்துவிட்டு, தன் பையை மூடிக்கொண்டு, மழை வருவதற்குள் எலக்ட்ரானிக் சிட்டி தாண்டிவிட வேண்டும் என்று கிளம்பினார்.

ஸ்வாதி கட்டுரையை ஹரீஷ்குமார் மேசையில் வைத்தாள்.

"தர்ட்டி இயர்ஸ் முன்னாடியேவா?"

"ஆமா சார்."

"அவங்க பூஜை போட்டாங்களா?"

"கட்டுரையில அப்படி எதுவும் இல்ல சார்."

மறுநாளிலிருந்து அவருக்குப் பூஞ்சையில் ஆர்வம் குறைந்து, தளிப் பக்கம் அவகாடோ போடுவது பற்றிப் பேச ஆரம்பித்தார். விதி மட்டும் மாறியது. 'பிழிந்த கேக்கைப் பன்னிரண்டு டிகிரியில் மூன்று நாள் வைக்கவும்' என்று புதிய விதியில் எம்.டி. கையெழுத்திட்டார். புதிய விதியை முதலில் வாங்கிக் கையெழுத்துப் போட்டவன், பழைய விதிப்படி விசாரணையில் இருந்த ஷௌகத் அலி. வாரா வாரம் அதே குற்றத்தை உத்தரவுப்படி செய்துவந்தான்.

இனி அந்த மூன்று நாளை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. பழைய பேட்ச் ஷீட்டைக் கிழித்துப் புதிது எழுதும் வேலையும் நின்றுபோனது. ஸ்ரீராம் எம்.டி.யிடம் விசாரணைக் கோப்பைக் கொண்டுபோனார்.

"அது இன்னும் முடியலையா? க்ளோஸ் மாடி, ஸ்ரீராம்! எப்படியாவது க்ளோஸ் மாடி!"

ராமப்பன் அறிக்கை வந்திருந்தது: குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது. இனி தண்டனை உத்தரவு ஒன்று வேண்டும். வேலையை விட்டு நீக்கலாம் என்றால், நீக்கிய காரணம் இப்போது கம்பெனி விதியாகவே இருக்கிறது; ஆய்வாளர் கேட்டால் சிரிப்பார். சும்மா விடலாம் என்றால் குற்றம் நிரூபணமாகிவிட்டது. ஸ்ரீராம் நிலையாணைப் புத்தகத்தைத் திறந்து, பட்டியலில் இருந்ததிலேயே லேசான தண்டனை எது என்று பார்த்து, முன்பு வேறு யாருக்கோ அடித்திருந்த உத்தரவில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, சாப்பாட்டு நேரத்துக்கு முன் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நகல், வழக்கம்போல, ஆய்வாளருக்கு.

ஷௌகத் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜைபாவிடம் கொடுத்தான். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு படித்தாள்.

"'அக்டோபர் 11, 12, 13 ஆகிய நாட்களில் பணியில் இருந்தபோது...' சரி. 'கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டதால்...' சரி. 'தங்களுக்கு வரும் ஏப்ரல் மாதம் வழங்கப்பட வேண்டிய வருடாந்திர ஊதிய உயர்வு ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது.'"

நிறுத்தினாள். "ஏங்க, உங்களுக்கு வருஷா வருஷம் சம்பளம் ஏறுதா?"

"காண்டிராக்டுக்கு ஏது? பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தான் ஏறும்."

"அப்ப யாருக்கு நிறுத்தறாங்க?"

ஷௌகத் உத்தரவை வாங்கி அந்த வரியை விரல் வைத்துப் படித்தான். 'தங்களுக்கு... வழங்கப்பட வேண்டிய' என்றுதான் இருந்தது. அடியில் கையெழுத்து, முத்திரை, தேதி. மேலே பெயருக்குப் பக்கத்தில், பழைய உத்தரவில் இருந்து மாற்ற மறந்துபோனது, 'நிரந்தரப் பணியாளர்' என்று இருந்தது.

அவன் தரையில் உட்கார்ந்துகொண்டான். ஜைபா உறையைத் திறந்து, மெமோவுக்கு மேலே இதையும் வைத்து, மறுநாள் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போக எத்தனை ஜெராக்ஸ் வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்ரீராம். மூச்சு வாங்கியது.

"பாய், அந்த ஆர்டர்ல ஒரு சின்ன டைப்பிங் மிஸ்டேக் இருக்கு. தண்டனையையே ரத்து பண்ணிடறேன். நாளைக்குக் காலைல எடுத்துட்டு வந்துடுங்க, ப்ளீஸ்."

ஷௌகத் ஜைபாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம் சார்," என்றான். "செஞ்ச தப்புக்கு முழுசா அனுபவிச்சிடறேன்."